முதுகுத் தேய்மானம்: நரம்பை விடுவித்தால் போதுமா, ஸ்க்ரூ போட்டுப் பூட்ட வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது. அம்மாவுக்கு வயது 64. கீழ்முதுகில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் தேய்ந்து, மேலே உள்ள எலும்பு 5 மில்லிமீட்டர் முன்னால் சரிந்திருக்கிறது. பத்து நிமிடம் நடந்தால் இரண்டு கால்களும் கனத்து மரத்துப் போகின்றன, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. ஆறு மாதமாக மாத்திரை, பிசியோ, முதுகில் ஒரு ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர் "எண்டோஸ்கோப்பில் சின்னத் துளை போட்டு முடித்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "லேமினெக்டமி போதும்" என்கிறார், அதாவது எலும்பின் பின்பக்கக் கூரையை எடுத்து நரம்பை விடுவிப்பது. மூன்றாமவர் "ஸ்க்ரூ, ராடு வைத்து ஃபியூஷன் செய்யாவிட்டால் திரும்ப வரும்" என்கிறார், அதாவது இரண்டு எலும்புகளையும் ஒன்றாகப் பூட்டுவது. இதில் யார் சொல்வது சரி?

நான் சர்ஜன் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இந்த மூன்று வகை ஆபரேஷனும் முடிந்து தையலோடு படுத்திருப்பவர்களை முதல் நாள் கட்டிலிலிருந்து எழுப்பி நிற்க வைப்பதும், ஒரு வருடம் கழித்து எப்படி நடக்கிறார்கள் என்று பார்ப்பதும் என் பிழைப்பு. அதில் ஒரு சௌகரியம், எந்த முறைக்கும் நான் கட்சி கட்ட வேண்டியதில்லை.

முதலில் ஒரு சிக்கலைப் பிரித்துக்கொள்வோம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போய் என்ன வேலை செய்வது என்பது ஒன்று. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பது மற்றொன்று. எண்டோஸ்கோப் ஒரு வாசல். லேமினெக்டமியும் ஃபியூஷனும் வேலைகள். எண்டோஸ்கோப் வழியாகவும் நரம்பை விடுவிக்கலாம், சிலர் அதன் வழியே ஃபியூஷனும் செய்கிறார்கள். ஆக, முதல் டாக்டரும் இரண்டாமவரும் அநேகமாக ஒரே வேலையைத்தான் சொல்கிறார்கள், வாசல் மட்டும் வேறு. நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது மூன்றாமவர் சொன்னதைப் பற்றி. எலும்பைப் பூட்ட வேண்டுமா, வேண்டாமா? தழும்பு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. ஜவ்வு என்று பலர் சொல்வது இதைத்தான். வயதாக ஆக அதில் நீர் வற்றி உயரம் குறைகிறது. உயரம் குறைந்ததும் பின்பக்கத்துச் சின்ன மூட்டுகளின் மேல் சுமை ஏறி, அவை தடித்துப் பருக்கின்றன. எலும்புக்கு எலும்பு இழுத்துக் கட்டியிருக்கும் மஞ்சள் நிறத் தசைநார் தொய்ந்து, மடிந்து, உள்பக்கம் பிதுங்குகிறது. முன்னாலிருந்து டிஸ்க், பக்கத்திலிருந்து மூட்டு, பின்னாலிருந்து தசைநார் என்று மூன்று பக்கமும் நெருக்க, நடுவே நரம்புகள் போகும் குழாய் சுருங்கிவிடுகிறது.

அம்மா நடக்கும்போது கால் கனப்பது இதனால்தான். நிமிர்ந்து நின்றால் அந்தத் தசைநார் இன்னும் உள்ளே மடியும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ அது இழுபட்டு விறைக்கும், குழாய் கொஞ்சம் அகலும், நரம்பு மூச்சு விடும். தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி அரை மணி நேரம் நடப்பவர், கை வீசி நடந்தால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுவார். சைக்கிள் மிதிப்பார், நடக்க மாட்டார். காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே போய்விடும், உட்கார வேண்டியதில்லை. பாதத்தில் நாடி பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் கத்தி வைத்த பிறகு கோளாறு காலின் ரத்தக் குழாயில் இருந்தது என்று தெரிய வந்தால், அதைவிட எரிச்சலான விஷயம் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்திருப்பீர்கள். 'பல்ஜ்' (பிதுக்கம்), 'டீஜெனரேஷன்' (தேய்மானம்) என்று பக்கம் நிறைய எழுதியிருக்கும். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். தலை நரைப்பது போலத்தான். எனவே ஸ்கேன் படத்துக்கு ஆபரேஷன் கிடையாது. படத்தில் தெரியும் இடமும் உடம்பில் தெரியும் தொல்லையும் பொருந்தினால்தான் பேச்சு. உங்கள் அம்மா விஷயத்தில் பொருந்துவது போலத்தான் தெரிகிறது.

'தேய்மானம்' என்ற ஒரே பெயருக்குள் நான்கு வெவ்வேறு நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவருக்கு டிஸ்க் பிதுங்கி ஒரு நரம்பைக் குத்துகிறது. ஒரு காலில் மின்சாரம் போல இழுக்கும். இன்னொருவருக்குக் குழாய் சுருங்கியிருக்கிறது. மூன்றாமவருக்குக் குழாயும் சுருங்கி, எலும்பும் சரிந்திருக்கிறது. உங்கள் அம்மா இந்த ரகம். நான்காமவருக்குக் காலில் ஒன்றுமே இல்லை, இடுப்பு மட்டும் வருடக்கணக்காக வலிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்டோஸ்கோப்பில் மறுநாளே சரியானது என்று யாராவது சொன்னால், அவர் இந்த நால்வரில் எவர் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் முதல் ரகமாக இருப்பார்.

அந்த முதல் ரகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் காதில் விழும் கதைகளில் பாதி அங்கிருந்து வருபவை. பிதுங்கிய டிஸ்க்தான் காலுக்குப் போகும் வலிக்குக் காரணம் என்று 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதினார்கள். அன்று முதுகை நீளமாகத் திறந்து எடுத்தார்கள். 1977 வாக்கில் மைக்ரோஸ்கோப் வந்து வெட்டு சின்னதாயிற்று. 1997-இல் குழல் வழியாகப் போகும் முறை வந்தது. இன்று 8 மில்லிமீட்டர் தோல் துளையில் எண்டோஸ்கோப் போகிறது. ஒவ்வொரு படியிலும் வெட்டு சுருங்கியது, சரி. பலன் அதே அளவுக்குக் கூடியதா? 2009-இல் நெதர்லாந்தில் 328 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, குழல் வழி ஆபரேஷனையும் வழக்கமான மைக்ரோஸ்கோப் ஆபரேஷனையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து நன்றாகத் தேறியவர்கள் குழலில் 69 சதவீதம், பழைய முறையில் 79. சின்ன வாசல் ஜெயிக்கவில்லை. அதே நாட்டில் 2022-இல் 613 பேரிடம் எண்டோஸ்கோப்பைச் சோதித்தபோது, கால்வலி குறைவதில் அது மைக்ரோஸ்கோப் முறைக்குப் பின்தங்கவில்லை என்று தெரிந்தது. என் அனுபவமும் அதுதான். எண்டோஸ்கோப்பில் செய்தவர்கள் முதல் இரண்டு வாரம் சுறுசுறுப்பாக இருப்பார்கள், வலி மாத்திரை குறைவாகக் கேட்பார்கள். ஆறாவது மாதம் சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்க்காமல் யாருக்கு எந்த முறை என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த ரகத்தில் இன்னொரு உண்மையும் உண்டு. பிதுங்கிய துண்டு பல பேருக்குத் தானாகவே வற்றிவிடும். 2007-இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்குப் பொறுத்துப் பார்ப்பது என்று வைத்தார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு வந்தார்கள். ஆனால் வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆபரேஷன் கொடுத்தது வேகம். வலியில் புரளும் ஒருவருக்கு அந்த வேகம் பெரிய வரம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். குழாய் சுருக்கம் தானாக வற்றுவதில்லை. ஆனால் பலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், அதிகமாவதும் இல்லை. அதனால் 'இப்போதே செய்யாவிட்டால் கால் போய்விடும்' என்று யாராவது மிரட்டினால், பாதம் தொங்குகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு போனதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் அறியாமல் போவது, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போவது, இவற்றில் எது வந்தாலும் கணக்கு மணி நேரத்தில்தான். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லேமினெக்டமி என்றால் என்ன செய்கிறார்கள்? ஒருமுறை தியேட்டரில் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தது. சர்ஜன் முதுகெலும்பின் பின்பக்கக் கூரையை டிரில்லால் மெலிதாக்கினார். அப்புறம் நீண்ட மூக்குள்ள ஒரு கடிகருவியை வைத்து, தடித்துப்போன அந்த மஞ்சள் தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தார். ஒவ்வொரு கடிக்கும் நர்ஸ் அதன் நுனியைத் துணியில் துடைத்தார். அரிசி மணி அளவில் துணுக்குகள் சேர்ந்துகொண்டே போயின. கடைசித் துண்டு வந்ததும், அதுவரை அமுங்கி அசைவில்லாமல் கிடந்த நரம்புப் பை மெல்ல உப்பியது, அப்புறம் இதயத் துடிப்புக்கு ஏற்பத் துடிக்க ஆரம்பித்தது. "அவ்வளவுதான், மூடலாம்" என்றார். அந்தத் துடிப்புக்காகத்தான் அத்தனை வேலையும்.

இந்த வேலை கால் தொல்லைக்கு நன்றாகப் பலிக்கிறது. அமெரிக்காவில் ஸ்போர்ட் என்ற பெயரில் நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள், எலும்புச் சரிவுக்கு 2007-லும் குழாய்ச் சுருக்கத்துக்கு 2008-லும் வந்தன. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடம் கழித்தும் செய்யாதவர்களைவிடக் குறைந்த வலியோடு இருந்தார்கள். அதில் ஒரு குறையும் உண்டு. குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் பலர் தங்கள் இஷ்டத்துக்குக் கட்சி மாறிவிட்டார்கள். அதனால் அந்தக் கணக்கை முழு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் மொத்தப் போக்கு நான் தினம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

எலும்பு சரிந்திருக்கும்போது கூரையையும் பிரித்துவிட்டால் இன்னும் சரியாதா? மூன்றாவது டாக்டரின் பயம் இதுதான், நியாயமான பயம்தான். வெகு காலம் இதற்குப் பதில், 'சரிவு இருந்தால் ஸ்க்ரூ போடு' என்பதாகவே இருந்தது. 2016-இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்து இதைக் கலக்கிவிட்டன. ஸ்வீடனில் 247 பேர். பாதிப் பேருக்கு நரம்பு விடுவிப்பு மட்டும், பாதிப் பேருக்கு அதோடு ஃபியூஷனும். இரண்டு வருடம் கழித்து வித்தியாசம் இல்லை. சரிவு இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் இல்லை. ஃபியூஷன்காரர்கள் மருத்துவமனையில் சராசரியாக 7.4 நாள் இருந்தார்கள், மற்றவர்கள் 4.1 நாள். பின்னாளில் மறுபடியும் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் இரு பக்கமும் ஐந்தில் ஒருவர்தான். அமெரிக்காவில் நடந்த மற்ற ஆய்வில் 66 பேர்தான், எல்லோருக்கும் சரிவு. அங்கே ஃபியூஷன் பக்கம் பொதுவான உடல்நிலையில் சற்றே மேலாக இருந்தது. மறு ஆபரேஷன் ஃபியூஷனில் 14 சதவீதம், விடுவிப்பில் 34.

இப்படி இரண்டும் முட்டிக்கொண்டு நிற்க, நார்வேக்காரர்கள் 267 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ சரிவு. அதாவது உங்கள் அம்மா போன்றவர்கள். அன்றாட முடக்கம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தவர்கள் விடுவிப்பில் 71 சதவீதம், ஃபியூஷனில் 73. சமம் என்றே சொல்லலாம். இரண்டு வருடத்துக்குள் மறு ஆபரேஷன் விடுவிப்பில் 12.5 சதவீதம், ஃபியூஷனில் 9.1.

அமெரிக்காவில் 34, நார்வேயில் 12.5. மறு ஆபரேஷனில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஆய்வின் அளவு, எத்தனை வருடம் பார்த்தார்கள் என்பதெல்லாம் ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அமெரிக்க ஆய்வில் கூரையை முழுதாக எடுத்தார்கள், பக்க மூட்டின் உள்பாகத்தையும் சேர்த்து. நார்வேயில் நடுவில் இருக்கும் எலும்பு முள்ளையும் அதைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்களையும் விட்டுவிட்டு, பக்கவாட்டில் நுழைந்து உள்பக்கத்தை மட்டும் குடைந்து எடுத்தார்கள். வீட்டின் நடுத்தூணைப் பிடுங்காமல் அறையை அகலப்படுத்துவது போல. இரண்டுக்கும் பெயர் 'நரம்பு விடுவிப்பு' தான். ஆக, உங்கள் இரண்டாவது டாக்டரிடம் "லேமினெக்டமியா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "நடு எலும்பை வைத்துக்கொண்டே செய்வீர்களா? பக்க மூட்டில் எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில், எண்டோஸ்கோப்பா மைக்ரோஸ்கோப்பா என்பதைவிட அதிகம் சொல்லிவிடும். எண்டோஸ்கோப்காரருக்கு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் சொல்ல வேண்டும். அவர் வழியில் நடு எலும்பும் முதுகுத் தசையும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. ஆனால் குழாய்ச் சுருக்கத்தை எண்டோஸ்கோப்பில் எடுப்பது, பிதுங்கிய துண்டை எடுப்பதைவிடக் கடினம். கை பழக வெகு நாள் ஆகும். இந்த வேலையை, இந்த மட்டத்தில், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

சரி, ஃபியூஷனே தேவையில்லையா? தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நானே சர்ஜனிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குனிந்து ஒரு எக்ஸ்ரே, பின்னால் வளைந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் இடையே சரிவு சில மில்லிமீட்டர் மாறினால் அந்த மூட்டு ஆடுகிறது என்று பொருள். நின்று எடுத்த எக்ஸ்ரேயில் இருக்கும் சரிவு, படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் காணாமல் போனாலும் அதே பொருள்தான். பக்க மூட்டுகளில் நீர் கோத்திருப்பது இன்னொரு ஜாடை. படுக்கையில் புரளும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் இடுப்பில் 'வெட்டி இழுக்கிற' வலி, கால் தொல்லையைவிட அதுவே பெரிது என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் முழுக்கச் சப்பையாகி, நரம்பு வெளியே வரும் பக்கத் துவாரம் மேலும் கீழுமாக நசுங்கியிருந்தால், கூரையைக் குடைந்து பயனில்லை. எலும்பைத் தூக்கி நிறுத்தி இடைவெளியை உயர்த்த வேண்டும், அப்படியே பூட்ட வேண்டும். முதுகு பக்கவாட்டில் வளைந்திருப்பவர்கள், ஒரே இடத்தில் டிஸ்க் மூன்றாவது முறை பிதுங்கியவர்கள், இவர்களும் இந்தப் பக்கம்தான்.

உங்கள் அம்மாவுக்குக் குனிந்து நிமிர்ந்து எடுக்கும் அந்த எக்ஸ்ரே எடுத்தார்களா? நீங்கள் எழுதியதில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று டாக்டர்களும் எம்.ஆர்.ஐ.யை மட்டும் வைத்துப் பேசியிருந்தால், மூன்று அபிப்பிராயம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஃபியூஷன் என்றால் ஸ்க்ரூ என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்க்ரூவும் ராடும் வெறும் முட்டுக்கொடுப்பு. கான்கிரீட் இறுகும் வரை பலகை அடித்து வைப்பது மாதிரி. இரண்டு எலும்பும் நடுவில் வைத்த எலும்புத் துண்டுகளோடு ஒட்டி ஒன்றாக வளர்வதுதான் ஃபியூஷன், அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். ஒட்டாமல் போனால் நாளடைவில் ஸ்க்ரூ தளரும், இல்லாவிட்டால் ராடு முறியும். புகைபிடிப்பவர்களுக்கு ஒட்டுவது தடுமாறும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படியே. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்து பலமிழந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது, ஈரமரத்தில் ஆணி அடிப்பதற்கும் உளுத்த மரத்தில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். 64 வயதில் ஃபியூஷன் பேச்சு எடுத்தால், முதலில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். எலும்புச் சத்துக் குறைவு என்று தெரிந்தால், சில மாதம் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம்.

ஃபியூஷனுக்குள் போகும் வாசல்கள் தனிப் புராணம். பின்பக்கமாகப் போய், நரம்புப் பையை இரண்டு பக்கமும் ஒதுக்கி, டிஸ்க்கை எடுத்து, அந்த இடத்தில் 'கேஜ்' என்ற சின்னக் கூண்டை வைப்பது பி.எல்.ஐ.எஃப். ஒரு பக்க மூட்டை மட்டும் எடுத்து, சாய்வாக நுழைந்து, நரம்பை அதிகம் இழுக்காமல் வைப்பது டி.எல்.ஐ.எஃப். உங்களிடம் பேசிய டாக்டர் மனதில் இருப்பது அநேகமாக இதுதான். வயிற்றுப் பக்கமாகப் போவது ஏ.எல்.ஐ.எஃப், பெரிய கூண்டு வைக்கலாம், முதுகுத் தசையைத் தொடவே வேண்டாம், ஆனால் வழியில் பெரிய ரத்தக் குழாய்கள். ஆண்களுக்கு விந்து பின்னோக்கிப் போகும் அபாயம் கொஞ்சம் உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்5-எஸ்1 மட்டத்துக்கு, அதாவது அம்மாவுக்குத் தேய்ந்த இடத்துக்கு அடுத்த கீழ் மட்டத்துக்கு, இந்த வழி வசதி. விலாப்பக்கமாக, இடுப்புத் தசையை ஊடுருவிப் போவது இன்னொரு வழி. அது எல்5-எஸ்1-க்கு எட்டாது, இடுப்பெலும்பு மறைக்கும். எல்4-எல்5-இல் செய்யலாம், ஆனால் தொடைக்குப் போகும் நரம்புகள் அந்தத் தசைக்குள்தான் ஓடுகின்றன. இந்த வழியில் செய்துகொண்டு வந்தவர்களில் சிலர் முதல் சில வாரம் படி ஏறக் காலைத் தூக்கச் சிரமப்படுவார்கள், தொடை முன்பக்கம் மதமதவென்று இருக்கும். பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு வருடம் கழித்து, எலும்பு ஒட்டிவிட்டால், இந்த வழிகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. சர்ஜனுக்கு எது தினசரிப் பழக்கமோ அதுவே நல்ல வழி.

ஃபியூஷனுக்கு ஒரு நீண்ட காலக் கணக்கு உண்டு. ஒரு மூட்டைப் பூட்டினால் அதன் அசைவு மேல், கீழ் மூட்டுகளின் தலையில் விழுகிறது. ஏற்கெனவே வயதான மூட்டுகள். அவையும் வேகமாகத் தேய்கின்றன என்பது பலரின் கருத்து. எப்படியும் தேய்ந்திருக்கும், பழியை ஃபியூஷன் மேல் போடாதே என்பாரும் உண்டு. 2004-இல் வந்த ஒரு கணக்கில், ஃபியூஷன் செய்தவர்களில் பத்து வருடத்துக்குள் பக்கத்து மட்டத்தில் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள், தேவைப்படலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் சேர்ந்து 36 சதவீதம். 80 வயதில் செய்பவருக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. 64 என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

இந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் செயற்கை டிஸ்க். 1984-இல் கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் முதலில் பொருத்தினார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் ப்யூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர், அப்புறம் எலும்பு டாக்டர் ஆனார். முதுகை வில்லாக வளைத்த ஒருவர்தான் அசையும் டிஸ்க்கைப் பற்றி யோசித்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தாது. எலும்பு சரிந்தவர்களுக்கும், பக்க மூட்டு தேய்ந்தவர்களுக்கும், எலும்பு பலம் குறைந்தவர்களுக்கும் இதை வைப்பதில்லை. இரண்டு எலும்பு முட்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி செருகும் கருவிகளும் ஒரு காலத்தில் பிரபலம். பல பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதால் மவுசு குறைந்துவிட்டது.

காலில் ஒன்றும் இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கும் அந்த நான்காவது ரகத்தையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் அங்கேதான். ஸ்வீடனில் 294 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வந்தபோது, ஃபியூஷன் செய்தவர்களுக்கு வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வழக்கமான பிசியோவில் 7 சதவீதம்தான் என்றது. எல்லோரும் ஸ்க்ரூவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் நார்வேயிலும் பிரிட்டனிலும், சும்மா பிசியோவுக்குப் பதிலாக, பயத்தைப் போக்கிப் பேசுவதும் கடுமையான உடற்பயிற்சியும் சேர்ந்த திட்டத்தோடு ஒப்பிட்டார்கள். ஃபியூஷனின் மேன்மை அநேகமாகக் கரைந்துவிட்டது. பிசியோ என்ற பெயரில் வெறும் ஹீட்டும் கரண்டும் வைத்து அனுப்பும் என் சகாக்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

அதனால் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கால் சரியாகி, இடுப்புவலி இப்போது இருப்பது போலவே இருந்தால் ஆபரேஷன் செய்தது போதும் என்று நினைப்பாயா?" 'போதும், நடந்தால் சரி' என்றால், நரம்பு விடுவிப்பு அவருக்குத் தகும். 'இடுப்புதான் என்னைக் கொல்கிறது' என்றால், முதல் இரண்டு டாக்டர்கள் சொன்னது அவருக்கு ஏமாற்றமாக முடியலாம். ஃபியூஷனிலும் இடுப்புவலி முழுதாகப் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால் இப்படிச் சொல்வேன். குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்த 5 மில்லிமீட்டர் அசையாமல் நின்றால், தொல்லை காலில்தான் என்றால், நடு எலும்பைக் காத்துச் செய்யும் விடுவிப்பு முதலில். எட்டில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி தேவைப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். அப்போது ஃபியூஷன் செய்ய வழி அடைபடுவதில்லை. ஃபியூஷனை முதலில் செய்துவிட்டால் திரும்பி வர வழி இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு ஆடினால் மூன்றாமவர் சொன்னது சரி, தயங்காமல் அவரிடம் போங்கள். எந்த முறையிலும் நரம்புப் பை உறை கிழிவது, கிருமி தொற்றுவது, காலில் ரத்தம் உறைவது ஆகியவை சிலருக்கு நேரும். ஃபியூஷனில் ஆபரேஷன் நேரமும் ரத்த இழப்பும் கூடுதல். சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்துத்தான் மயக்க மருந்து டாக்டர் சம்மதம் தருவார்.

ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். அம்மா எத்தனை நிமிடம் நின்று, எத்தனை நிமிடம் நடந்து உட்காருகிறார் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. படுக்கையிலிருந்து எழும்போது இடுப்பை முறுக்காமல், மரக்கட்டை உருள்வது போல ஒரு பக்கமாக மொத்தமாகப் புரண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழச் சொல்லிப் பழக்குங்கள். தையலோடு இதைக் கற்றுக்கொள்வது கஷ்டம். அப்புறம், வலி முதலில் போகும், சில நேரம் மயக்கம் தெளியும்போதே. பலம் வர வாரங்கள் ஆகும். மரத்துப்போன உணர்ச்சிதான் கடைசி. பாதத்தில் பஞ்சு ஒட்டியது போன்ற உணர்வு ஏழெட்டு மாதம்கூட இருக்கும், சிலருக்கு கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மூன்றாவது வாரம் அம்மா உங்களைக் கூப்பிட்டு, "வலி இல்லை, ஆனா பாதம் இன்னும் மரத்தே கிடக்கே, ஆபரேஷன் சரியாப் பண்ணலையோ?" என்று கேட்பார். கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பார்கள். நோட்டை எடுத்து, நடந்த நிமிடத்தைப் பாருங்கள்.